அமிர்தலிங்கத்தின் கோபம்

விக்கிரமங்கலம்
பார்த்திப வருஷம், கார்த்திகை 3

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி அமிர்தலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். மாடு கன்றும் நலம். உன் முழங்கால் வலியும் மாமாவின் இருமலும் எந்த மட்டில் இருக்கின்றன என்று தெரிவிக்கவும்.

தீபாவளிச் சீரைக் கொடுத்துவிட்டு நாலு நாளில் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் உண்ணாமலை, பிள்ளை ராசாத்தியை அழைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தாள். தீபாவளி போய் நாளைக்குக் கார்த்திகை தீபமே வந்துவிட்டது. வீட்டில் அகல் வைக்க ஆள் இல்லை. பக்கத்து வீட்டு முத்தாயிதான் வேளைக்குச் சோறு கொண்டுவந்து வைக்கிறாள். அவள் கைக்கும் உப்புக்கும் சம்பந்தமே இல்லை.

ஏரி பாதிதான் நிரம்பியிருக்கிறது. நடவு நட்டாகிவிட்டது. மேற்கொண்டு மழை வேண்டும்.

மாமாவுக்கு ஒழிவு இருக்கும் நாளில் அவர்கள் இருவரையும் அரியலூர் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல். நான் வண்டி கட்டிக்கொண்டு அரியலூருக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன்.

உண்ணாமலைக்கு உடம்பு நன்றாக இருக்கிறதல்லவா? ராசாத்திக்கு என் முத்தம்.

அன்புத் தம்பி,
அமிர்தலிங்கம்


பெரம்பலூர்
கார்த்திகை 12

அன்புள்ள தம்பிக்கு அக்கா ஜெகதாம்பாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. உன் கடுதாசி கண்டோம். மாமாவுக்கு இருமல் தேவலை. என் முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது.

ராசாத்திக்கு லேசாகச் சளி. கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் அந்தப் புகையோடு அனுப்ப மனம் வரவில்லை. அதோடு இங்கே பருத்தி எடுப்பு ஆரம்பித்துவிட்டது. மாமாவுக்கு மளிகைக் கடையில் கண்ட்ரோல் அரிசிக் கூட்டத்தைச் சமாளிக்கவே பொழுது போதவில்லை. எனக்கு உண்ணாமலை இருப்பது பெரிய ஒத்தாசை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

அவள் உடம்பைக் கேட்டிருந்தாய். நெற்றிக் காயம் ஆறிவிட்டது. புருவத்துக்கு மேல் தழும்பு மட்டும் நிற்கும் போலிருக்கிறது. எப்படி ஆயிற்று என்று கேட்டதற்கு, நிலைப்படியில் இடித்துக்கொண்டேன் என்றாள். நான் பிறந்து வளர்ந்த வீடு அது. அந்த நிலைப்படியில் உன் மாமாவே குனியாமல் நுழைவார். உண்ணாமலை என் தோளுக்குத்தான் வருவாள். சரி, அவள் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன்.

முத்தாயியிடம் உப்புக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள். அவளைக் கடிந்துகொள்ளாதே.

இப்படிக்கு,
ஜெகதாம்பாள்


விக்கிரமங்கலம்
கார்த்திகை 20

அக்காவுக்கு,

பருத்தி எடுக்க என் பெண்டாட்டிதான் கிடைத்தாளா? கட்டிக் கொடுத்த பெண் மாதக் கணக்கில் நாத்தனார் வீட்டில் இருந்தால் ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியாதா? ஏரிக்கரையில் போகிறவன் வருகிறவனெல்லாம் "என்னா, வூட்ல ஆள் இல்லியா?" என்று கேட்கிறான். என் குடும்பத்தை நடத்த எனக்குத் தெரியும். நீ குறுக்கே நிற்க வேண்டாம். வருகிற வியாழக்கிழமை நானே வந்து அழைத்துப் போகிறேன். துணிமணியைக் கட்டி வைக்கச் சொல்.

அமிர்தலிங்கம்


பெரம்பலூர்
மார்கழி 10

அன்புள்ள தம்பிக்கு,

வியாழக்கிழமை வருவதாக எழுதியிருந்தாய். வரவில்லை. வராமல் இருந்தாயே என்று கொஞ்சம் ஆறுதல் பட்டேன். நலம் விசாரித்து ஒரு வரிகூட இல்லாத கடுதாசி உன்னிடமிருந்து வந்தது அதுதான் முதல்.

சாயங்கால வெளிச்சத்தில் எனக்கு எழுத்துத் தெரிவதில்லை. அதனால் மாமா உரக்கப் படித்தார். உன் வார்த்தைகளை உன் சத்தத்திலேயே படித்துவிட்டார் போலிருக்கிறது. முற்றத்தில் கல் விளையாடிக்கொண்டிருந்த ராசாத்தி ஓடிவந்து என் பின்னால் நின்று புடவையைப் பிடித்துக்கொண்டாள். மாமா படித்து முடித்த பிறகும் விடவில்லை.

தம்பி, நான் பாவாடை கட்டியிருந்த காலத்தில் அதே இடத்தை இன்னொரு கை பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா வயலிலிருந்து வந்து கஞ்சிக் கலயத்தை எட்டி உதைக்கும்போதெல்லாம் நீ என் பின்னால்தான் நிற்பாய். என் பாவாடை உன் கை வியர்வையில் நனைந்துபோகும். "நான் பெரியாளானா இப்படிக் கத்த மாட்டேன்க்கா" என்பாய். நீ மறந்திருக்கலாம். சின்னப் பிள்ளை அப்போது.

உண்ணாமலைக்கு அப்பா அம்மா இல்லை. இருந்திருந்தால் அங்கே போயிருப்பாள். புருஷனோடு கூடப் பிறந்தவளிடமே வந்து நிற்கிறாள் என்றால், அவளுக்கு எத்தனை வழி அடைபட்டிருக்க வேண்டும், நீயே யோசி. வந்த நாளிலிருந்து உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மச்சான் வந்தா எல போட்டுச் சோறு போடுவேன். கோவக்காரன் வந்தா வாசலோட திரும்பணும்."

நிலைப்படியைப் பற்றி நீயாக எழுதும்வரை எனக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஜெகதாம்பாள்


விக்கிரமங்கலம்
தை 6

அன்புள்ள அக்காவுக்கு, மாமாவுக்கு, தம்பி நமஸ்காரம். எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இத்தனை நாள் எழுதவில்லை. நாலைந்து தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். அடுப்பில் போட்டது போக இது மிச்சம்.

நிலைப்படி இல்லை அக்கா. சொம்பு. நான் எறிந்தது.

அன்றைக்குக் காலையில் நாற்றங்காலில் மாடு இறங்கி மேய்ந்துவிட்டது. பாதி நாற்று போயிற்று. இனி எப்போது விதைவிட்டு எப்போது நடுவது என்று தலை சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வேலிப் படலைச் சாத்தாமல் விட்டது யார் என்று கத்தினேன். உண்ணாமலை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையில் இருந்ததை எறிந்துவிட்டேன். எறியும்போது அது கையில் இருந்ததே எனக்குத் தெரியாது. இப்படி எழுதினால் நீ நம்புவாயோ என்னவோ, எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அவள் அழவில்லை. முந்தானையைச் சுருட்டி நெற்றியில் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன். அக்கா, நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

படலைத் திறந்துபோட்டது நான்தான். எரு வண்டி ஓட்டிக்கொண்டு போன நான் திரும்பச் சாத்தவில்லை. மறுநாளே அது நினைவுக்கு வந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. அதற்கும் மறுநாள் அவள் தீபாவளிச் சீரை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வரமாட்டாளோ என்று அப்போதே தோன்றியது. அதையும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு நானே பானை வைத்தேன். பொங்கி வழிந்தபோது குரல் கொடுக்க வாயே வரவில்லை. பண்ணை வேலை பார்க்கும் கொளஞ்சியப்பன்தான் குரல் கொடுத்தான்.

மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். இனிமேல் இந்த ஜன்மத்தில் கோபப்படமாட்டேன். ஆகையால் அவளைத் தைரியமாக அனுப்பலாம்.

உன் தம்பி,
அமிர்தலிங்கம்


பெரம்பலூர்
தை 15

என் தம்பி அமிர்தலிங்கத்துக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

கடுதாசியை நானே பகலில் வைத்துப் படித்தேன். பிறகு உண்ணாமலையிடம் கொடுத்தேன். அவள் படித்தாள், மடித்தாள், குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள். நிறைய நேரம் வரவில்லை. சத்தியம் என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் அவள் உதடு ஒரு மாதிரி கோணியது. அதைச் சிரிப்பு என்று எழுதலாமா என்று தெரியவில்லை.

உன்னைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. உண்மையை எழுதினாய், அது போதும் இன்றைக்கு.

ஆனால் சத்தியத்தை நான் நம்பமாட்டேன். ஏன் என்று கேள். என் கன்னத்துக்குள் புண் இருக்கிறது. புகையிலையை விடாவிட்டால் பொல்லாததாக முடியும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. எத்தனை சத்தியம் செய்தேன் தெரியுமா? காலையில் செய்த சத்தியம் மத்தியானச் சோற்றோடு வயிற்றுக்குள் போய்விடுகிறது. சத்தியம் செய்கிற நேரத்தில் புகையிலை ஆசை இருப்பதில்லை. ஆசை வருகிற நேரத்தில் சத்தியம் ஞாபகத்தில் இருப்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே கிடையாது.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுக் கொல்லையில் ஆட்டுக்கல் பக்கத்தில் உட்காருவேன். அங்கே உட்கார்ந்தால் கை தானாக மடிக்குப் போகும். இப்போது அங்கே உட்காருவதில்லை. சாப்பிட்டதும் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கடைக்கு நடந்து மாமாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பரவாயில்லை.

நீயும் கோபப்படவேமாட்டேன் என்று கிளம்பாதே. அது உன்னால் ஆகாது. அப்பாவின் ரத்தம் ஒரு கற்பூரத்தில் அவிந்துவிடாது. வருகிறபோது என்ன செய்வாய் என்று ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள். நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துவிடு. எங்கே இருந்தாலும் சரி, சேறாக இருந்தாலும் சரி. அப்பா உட்கார்ந்துகொண்டு கத்தி நான் பார்த்ததில்லை. அவர் எழுந்தால்தான் நமக்கு நடுக்கம்.

கோபம் எங்கே ஆரம்பிக்கிறது என்றும் பார்த்து எழுது. நீ கோபத்தைப் பார், நான் புகையிலையைப் பார்க்கிறேன். யார் ஜெயிக்கிறோம் பார்ப்போம்.

அவளை நான் அனுப்பமாட்டேன். நான் பிடித்து வைத்திருக்கவும் இல்லை. அவளாக மூட்டை கட்டுகிற அன்றைக்குத்தான்.

இப்படிக்கு,
அக்கா


விக்கிரமங்கலம்
மாசி 11

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நலம். உன் கன்னத்துப் புண்ணை நினைத்துக் கவலையாக இருக்கிறது. இதை ஏன் எனக்கு முன்பே எழுதவில்லை?

நீ சொன்னது சரி. சத்தியம் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. முத்தாயி கொண்டுவந்த குழம்பில் வழக்கம்போல உப்பில்லை. தட்டைத் தள்ளிவிட்டேன். எறியவில்லை, தள்ளத்தான் தள்ளினேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு, "நாளையிலேருந்து ஒங்க சோத்த நீங்களே பொங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இப்போது நான்தான் பொங்குகிறேன். என் சோற்றை என்னாலேயே தின்ன முடியவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது?

பிறகு நீ சொன்னபடி செய்து பார்த்தேன். மடை உடைந்து தண்ணீர் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. கொளஞ்சியப்பன் பார்க்காமல் விட்டிருக்கிறான். வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. வரப்பில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அவன் ஓடிவந்து, "என்னாங்க அய்யா, மயக்கமா?" என்றான். "ஒண்ணுமில்ல, மடையக் கட்டு" என்றேன். அவன் நகரவில்லை. "திட்டிப்புடுங்க அய்யா" என்றான். "ஒங்க திட்டு எங்க ஆரம்பிச்சு எங்க முடியும்னு எனக்கு அத்துப்படி. இப்புடிச் சும்மா உக்காந்திருந்தா எங்க முடியுமோ, அதான் தெரியல."

சிரிப்பு வந்தது. ராத்திரி நினைத்தபோது சிரிப்பு வரவில்லை.

போன வாரம் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது வடம் அறுந்து தண்ணீர்ச் சால் உள்ளே விழுந்துவிட்டது. கொளஞ்சியப்பன் பக்கத்தில் நின்றான். உட்காருவதெல்லாம் மறந்து போயிற்று. மாடு ஓட்டும் தார்க்குச்சியை அவன்மேல் ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை அக்கா, சத்தியமாக அடிக்கவில்லை. ஆனால் அந்தக் கொளஞ்சியப்பன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்துவிட்டான். நரைத்த தலை. என்னைத் தோளில் தூக்கித் தேருக்குக் கொண்டுபோனவன்.

எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். பயத்தில்தான் ஆரம்பிக்கிறது. மழை இல்லை, ஏரி வற்றுகிறது, பயிர் கதிர் வாங்குமுன் காய்ந்துவிடுமோ என்று நாளெல்லாம் உள்ளே உதறுகிறது. வயலில் நின்று பயப்பட்டால் ஆம்பிளைக்கு அசிங்கம். வீட்டுக்குள் வந்து கோபப்பட்டால் யாரும் அசிங்கம் என்று சொல்வதில்லை. அதனால் வயலில் கிடைத்ததையெல்லாம் வீட்டில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறேன். அப்பாவும் இப்படித்தானோ என்னவோ. அவரைக் கேட்க முடியாது.

இதெல்லாம் தெரிந்தும் குச்சியை ஓங்கினேனே, அதுதான் புரியவில்லை.

அமிர்தலிங்கம்


பெரம்பலூர்
மாசி 22

அன்புள்ள தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கு எல்லோரும் சுகம். ராசாத்தி இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, இப்போது பலகையில் தன் பேரை எழுதுகிறாள். "சா"வுக்குக் கால் போட மறந்துவிடுகிறாள்.

தெரிந்தும் ஓங்கினேனே என்கிறாய். தெரிவது தலையில், கை இருப்பது தோளில். தலையில் தெரிந்தது தோள்வரை இறங்க நாளாகும். ஓங்கிய குச்சி பாதியில் நின்றதே, அதை எது நிறுத்தியது என்று பார்த்தாயா? தீபாவளிக்கு முந்தி நின்றிருக்குமா? கொளஞ்சியப்பனிடம் ஒரு வார்த்தை சொல். சொன்னால் நீ குறைந்து போய்விடமாட்டாய்.

நீ தோற்றதையே பெரிதாக எழுதுகிறாய். என்னைப் பார். நான் புகையிலைப் பக்கமே போவதில்லை. மனசு வைத்தால் எதுவும் முடியும்.

பங்குனியில் ஒரு நாள் வந்து போ. அழைத்துப் போக வேண்டாம், பார்த்துவிட்டுப் போக. மாமாவிடம் சொல்லிவிட்டேன், இலை போடுவார்.

அன்புடன்,
ஜெகதாம்பாள்

(கடுதாசியின் ஓரத்தில், வேறு கையெழுத்தில்:)
அண்ணி இன்னும் புகையிலை போடுகிறார்கள். அரிசிப் பானைக்குள் இருக்கிறது. எழுதினேன் என்று சொல்ல வேண்டாம்.


விக்கிரமங்கலம்
பங்குனி 19

அக்காவுக்கு, மாமாவுக்கு நமஸ்காரம். நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வந்ததற்கு மன்னிக்க வேண்டும். மாமா போட்ட இலை அப்படியே கிடந்திருக்கும்.

நீ அடுக்களையில் இருந்தாய், முழுவதும் பார்த்திருக்கமாட்டாய். உண்ணாமலை கதவோரம் நின்று, மாடு கன்று போட்டதா, தெற்கு மூலையில் ஒழுக்கு அடைத்தாயிற்றா என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். ராசாத்தி எனக்கு மோர் கொண்டுவந்தாள். கை தவறி டம்ளர் என் மடியில் கொட்டிவிட்டது.

மோருக்காக எனக்குக் கோபம் வரவில்லை. வேட்டிக்காகவும் இல்லை. அந்தப் பிள்ளை நின்ற நிலை இருக்கிறதே, உதடு வெளுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அடி எங்கே விழப் போகிறதோ என்று. அதைப் பார்த்துத்தான் வந்தது. என்னைப் பார்த்து ஏன் இப்படி நடுங்குகிறாய் என்று கத்த வேண்டும் போலிருந்தது. நடுங்குகிறவளைப் பார்த்து நடுங்காதே என்று கத்துகிறவன் எவனாவது உண்டா? நான் உண்டு. நின்றுகொண்டிருந்தால் உட்காரச் சொன்னாய். ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவன் என்ன செய்வான் என்று நீ சொல்லவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். பஸ் வரும்வரை ஈர வேட்டியோடு வேப்பமரத்தடியில் கிடந்தேன்.

போதும் அக்கா. சிலது மாறாது. நான் அப்பாவின் பிள்ளை. அவர்கள் அங்கேயே நிம்மதியாக இருக்கட்டும். நெல்லும் கடலையும் மாதா மாதம் வண்டியில் அனுப்பிவைக்கிறேன்.

கொளஞ்சியப்பனிடம் மட்டும், குச்சியை ஓங்கியது தப்பு என்று சொல்லிவிட்டேன். அவன் பீடி ஒன்று கொடுத்தான்.

அமிர்தலிங்கம்


பெரம்பலூர்
விய வருஷம், சித்திரை 2

அன்புள்ள தம்பிக்கு, புது வருஷத்தில் எல்லா நலமும் உண்டாகட்டும். நேற்று வேப்பம்பூப் பச்சடி வைத்தோம். உனக்கு யார் வைத்தார்கள்?

உடனே பதில் போடாததற்குக் காரணம், ஒருத்தி முடிவு சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

நீ போனபின் நடந்ததை நீ பார்க்கவில்லை. உண்ணாமலை வாசலுக்குப் போய் நீ தெருக்கோடி திரும்புகிறவரை நின்றாள். உள்ளே வந்து என் கையைப் பிடித்தாள். "அண்ணி, அவரு கத்தல" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "கத்தலியே அண்ணி." ராசாத்தி என்ன கேட்டாள் தெரியுமா? "அப்பா ஏன் அழுவுது?" முகத்தைத் திருப்பிக்கொண்டதால் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாய். தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கிற பிள்ளைக்கு எல்லாம் தெரியும்.

நீ எழுந்து வெளியே போனது தோல்வி என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு இந்த வீட்டில் ஒருவரும் அப்படி நினைக்கவில்லை. சொல்லிவிட்டுப் போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். "எனக்குக் கோபம் வருது, வெளிய போயிட்டு வரேன்" என்றால் முடிந்தது. அடுத்த தடவை சொல். அடுத்த தடவை என்று ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி உண்ணாமலையே பேச்சை எடுத்தாள். அவள் வார்த்தையை மாற்றாமல் எழுதுகிறேன். "பள்ளிக்கூடம் விட்டதும் போறேன் அண்ணி. அவரு மாறிட்டாருன்னு போவல. மாறணும்னு கஷ்டப்படுறாரு, அதப் பாத்துட்டேன். ஆனா ஒரு தடவ கை ஓங்கினாலும் பிள்ளயத் தூக்கிக்கிட்டு வந்துடுவேன். அப்ப இங்க எடம் இருக்குமா?"

நான் பதில் சொல்வதற்குள் மாமா, "இது அவ வூடு. எடம் கேட்டுக்கிட்டு வரவேண்டியதில்லைன்னு சொல்லு" என்றார். அவள் அப்போதுதான் அழுதாள். நெற்றி கிழிந்தபோது அழாதவள்.

உன்னிடம் இன்னொன்று. அரிசிப் பானை விஷயம் உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நீ கேட்காமல் இருந்தாயே, அதற்காக உன்மேல் பிரியம் கூடிவிட்டது. ஜெயிக்கிறேன் என்று உனக்குப் பெருமை அடித்துவிட்டுத் திருட்டுத்தனம் பண்ணினேன். இனி இல்லை என்று எழுதமாட்டேன். போட்ட அன்றைக்குப் போட்டேன் என்று எழுதுகிறேன். நேற்று போட்டேன். இன்றைக்கு இதுவரை இல்லை.

அக்கா


விக்கிரமங்கலம்
சித்திரை 13

அக்காவுக்கு நமஸ்காரம். கார்டில் இடம் குறைவு.

அவள் சொன்னது முழுவதும் நியாயம். வரட்டும். வந்த பிறகு அவளுக்கு எந்த நிமிஷம் பயம் வந்தாலும் நானே வண்டி கட்டி அரியலூரில் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று அவளிடம் சொல். இதைச் சத்தியம் என்று எழுதவில்லை. வண்டியும் மாடும் தயாராக இருக்கின்றன என்று மட்டும் எழுதுகிறேன்.

தெற்கு மூலை ஒழுக்கு அடைத்துவிட்டேன்.

தம்பி


விக்கிரமங்கலம்
ஆடி 9

என் பிரியமுள்ள அண்ணிக்கு உண்ணாமலை நமஸ்காரம் செய்து எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். அண்ணனின் இருமலை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் கன்னத்துப் புண் பாதி ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, படித்ததும் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டேன்.

அவர் மாறிவிட்டாரா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

கோபம் போய்விடவில்லை அண்ணி. வருகிறது. நாங்கள் வந்த அடுத்த வாரமே மாட்டுக்குத் தண்ணீர் காட்டவில்லை என்று குரல் எழும்பியது. பாதியில் நின்று, "வெளிய போயிட்டு வரேன்" என்று போய்விட்டார். திரும்பி வந்து தண்ணீரை அவரே காட்டினார். இன்னொரு நாள் போகவில்லை, நின்று கத்தத்தான் கத்தினார். அன்றைக்கு நான் துணியை மூட்டை கட்டி எடுத்துவைத்தேன். அவர் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். வண்டி நின்றுகொண்டே இருந்தது. நான் ஏறவில்லை. பொழுது இறங்கியதும் மாட்டை அவிழ்த்தார்.

போன வெள்ளிக்கிழமைதான் பெரிய சோதனை. ஆடிப் பட்டத்துக்கு வைத்திருந்த விதைக்கடலையை வாசலில் காயப்போட்டிருந்தேன். அடுப்பு வேலையில் மறந்துவிட்டேன். திடீரென்று மழை பிடித்து அவ்வளவும் நனைந்துவிட்டது. அவர் வயலிலிருந்து ஓடிவந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பழையபடி ஆகிவிட்டது. ராசாத்தியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். மழையிலேயே அந்தக் கடலைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "எனக்குப் பயமா இருக்கு உண்ணாமல" என்றார். "இந்த வெத போச்சுன்னா என்ன பண்றது?" அவர் வாயால் பயம் என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அது ஒரு அதிசயம் என்றால், நான் பேசியது இன்னொன்று. "பயந்துக்கிட்டு அதும்மேலயே உக்காந்திருந்தா மொளச்சுடும். எழுந்திரிங்க, வாரிக் கொட்டலாம்" என்றேன். அதட்டித்தான் சொன்னேன் அண்ணி. அந்தக் குரல் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மூவருமாக முறத்திலும் கூடையிலும் வாரி உள்ளே கொட்டி, விடிய விடியக் கிளறிக் காய வைத்தோம். முக்கால்வாசி தப்பியது.

ஆனால் உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். மாற வேண்டியவர் அவர் ஒருத்தர்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, என் உடம்பு அவரை நம்பவில்லை. மனசு நம்பினாலும் உடம்பு நம்பவில்லை. அவர் துண்டை உதறினால் என் தோள் சுருங்கும். கொடியில் துணி எடுக்கக் கையை நீட்டினாலும் என் தலை தானாகச் சாயும். அவர் அதைப் பார்த்துவிடுவார். அவர் முகம் செத்துப்போகும். தள்ளி நிற்பார். என்னாலும் நிறுத்த முடியவில்லை. அப்போதுதான் அவர் படுகிற பாடு எனக்கு விளங்கியது.

நேற்றுச் சாயங்காலம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் வந்து நின்று, என் தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பரணிலிருந்து சல்லடையை எடுத்துக் கொடுத்துவிட்டு, ராசாத்தியைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனார். நானும் வாங்கிச் சலித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. என் தலைக்கு மேலே அவர் கை உயர்ந்தது. நான் குனியவில்லை.

அவருக்கு இது தெரியாது. சொல்லவும் கூச்சமாக இருந்தது. யாரிடமாவது சொல்லாமல் முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடுதாசி எழுதினேன்.

உங்கள்,
உண்ணாமலை